மொய் நோட்டும் மூன்றாம் வகுப்பும்

மழை விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கு வாட்ஸ்அப். 2024 அக்டோபரில் மதுரையில் கொட்டித் தீர்த்ததே ஒரு மழை, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் ஏறியதே, அந்தப் பருவத்தில்தான் ஒரு நாள் காலையில் விடுமுறை அறிவிப்பு வந்தது. வந்த கையோடு என் மகள் படிக்கும் தனியார் பள்ளியின் பெற்றோர் குழுவில் ஒரு தகவல்: இன்றைய பாடங்கள் வீடியோவாக அனுப்பப்படும், பிள்ளை பார்த்து முடித்ததும் கட்டைவிரல் போடவும். வரிசையாக வீடியோக்கள் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் ஓடும். கால் மணி நேரத்துக்குள் மஞ்சள் கட்டைவிரல்கள் குவிந்துவிட்டன. ஒரு அப்பா இரண்டு போட்டிருந்தார், அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே கைநாட்டிலிருந்து தப்பிக்கத்தான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது. இப்போது பிள்ளை பாடம் படித்ததற்கு அத்தாட்சியே கட்டைவிரல்தான். மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020, 2021லும் இதையேதான் பார்த்தோம். அத்தனை பட்டும் நாம் கைவசம் வைத்துக்கொண்டது இந்த ஒரு பழக்கத்தை மட்டும்தானா என்று தோன்றியது.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். மிச்சத்தை இந்த வேலையில் இருப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். ஊரடங்குக் காலத்துப் படிப்பைப் பற்றி இப்போதும் எங்காவது பேச்சு வருகிறது. கல்யாண வீட்டில் வரும், பயிற்சிக் கூட்டத்தில் டீ இடைவேளையில் வரும். ஒரு கட்சி, அந்த இரண்டு வருடம் பிள்ளைகள் ஒன்றுமே படிக்கவில்லை, ஒரு தலைமுறையே போச்சு என்கிறது. இன்னொரு கட்சி, ஏன் படிக்கவில்லை, எல்லாம் ஆன்லைனில் நடந்ததே என்கிறது. இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்தது இரண்டிலும் அடங்கவில்லை. அதை ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

அனுப்பியதும் வந்து சேர்ந்ததும்

2020 மார்ச் நடுவில் பூட்டிய தொடக்கப்பள்ளி 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. இடையில் பெரிய வகுப்புகளைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரைக்கும் ஒரே மூடல்தான். அழகர் இரண்டு சித்திரை வைகைக்கு வரவில்லை, அதைவிடப் பெரிய கணக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பரவை மார்க்கெட்டில் தொற்று பரவி 2020 ஜூன் கடைசியில் மதுரைக்குத் திரும்பவும் முழு ஊரடங்கு போட்டார்கள், அந்தச் சில வாரங்கள் நான் ஊர்ப் பக்கமே போக முடியவில்லை. அப்புறம் புத்தகம் கொடுக்க, சத்துணவுக்குப் பதிலாக அரிசி பருப்பு முட்டை கொடுக்க என்று ஒவ்வொரு காரணமாகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தோம்.

பாடம் அனுப்புவதற்கு வழி இல்லாமல் இல்லை. கல்வித் தொலைக்காட்சி 2019லேயே தொடங்கியிருந்தது, ஊரடங்கில் வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கிப் பாடம் ஒளிபரப்பினார்கள். சொல்லப்போனால் சில பாடங்கள் மிக நன்றாகவே இருந்தன, என்னால் அப்படி ஒரு கரும்பலகையை அலங்கரிக்க முடியாது. புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு உண்டு, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். வாட்ஸ்அப் குழு வேறு. ஆனால் எங்கள் ஊரில் பாதி வீட்டில் இருந்தது கலைஞர் ஆட்சியில் கொடுத்த பழைய இலவச டிவி, அதில் பாதி ஓடாது. ஓடுகிற வீட்டில் பெரியவர்கள் சீரியல் பார்க்கிற நேரமும் பிள்ளையின் பாட நேரமும் முட்டிக்கொண்டால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போன் அப்பா சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து, சார்ஜ் ஏறி, பிள்ளை கைக்கு வரும்போது அது பாடத்துக்கான போனாக இருக்காது. "போனைக் குடுத்தா கேம்தே வெளாடுறான் சார், அதேன் புடுங்கி வச்சிட்டேன்" என்று ஒரு அம்மா சொன்னார். அந்த வீட்டிலிருந்தும் குழுவில் கட்டைவிரல் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வசதி இல்லாததுதான் பிரச்சினை, எல்லோருக்கும் ஒரு டேப்லட் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று முடித்துவிடலாம். என் வீடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. மகளுக்குத் தனி போன், வைஃபை, மேசை, நாற்காலி எல்லாம் இருந்தது. காலையில் கூகுள் மீட்டில் நாற்பது சதுரங்கள். "எல்லோரும் மியூட் பண்ணுங்க" என்பதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். டீச்சர் பாவம், வேறென்ன செய்வார், நாற்பது வீட்டுக் குக்கர் விசிலும் ஒரே நேரத்தில் கேட்டால். அவர் வாசிப்பார், இவள் கேட்பாள். மாலையில் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினால் பச்சை டிக் வரும். இவள் வாயைத் திறந்து வாசித்து அதை டீச்சர் காதால் கேட்டது ஒரு பருவத்தில் மொத்தமாகச் சில நிமிடங்கள் தேறும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு டிவி, தனியார் பள்ளிப் பிள்ளைக்கு மீட். ஒருவருக்குத் திரை பெரிது, இன்னொருவருக்குச் சிறிது. இரண்டிலும் பேசியது அந்தப் பக்கம் மட்டுமே.

ரேகை வைக்கும் முன்னால்

இப்போது ஒரு அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். உலர் உணவுப் பொருள் கொடுக்கிற நாள். பள்ளி வராந்தாவில் மேசை போட்டு, சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒவ்வொருவராக நிற்க வைத்து, அளந்து கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். பிள்ளையோடு வந்தவர்களிடம் நான் சும்மா கேட்பதுண்டு, அங்கே ஒட்டியிருக்கிற அளவுப் பட்டியலை வாசி பார்ப்போம் என்று. மார்ச்சில் தடங்கல் இல்லாமல் வாசித்த பிள்ளைகள் செப்டம்பரில் எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் வாசிக்கவே இல்லை, அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டார்கள். குழுவில் முதல் ஆளாகக் கட்டைவிரல் போடும் வீட்டுப் பையன் 'பருப்பு' என்ற சொல்லில் 'ரு'வைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அப்புறம் இந்தப் பெண் வந்தாள். மூன்றாம் வகுப்பு. அப்பா அம்மா திருப்பூர்ப் பக்கம் வேலை, இவள் அப்பத்தாவோடு இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு முடிகிறபோது சுமாராகத்தான் வாசிப்பாள், சொல்லைச் சொல்லாகப் பிடிக்கும், வரி நீளமானால் விட்டுவிடும். நான் பதிவேட்டைத் திருப்பி மைப்பெட்டியை நகர்த்தினேன். அப்பத்தா கையை நீட்டவில்லை.

"இருங்க சார். ஏத்தா, என்ன எழுதியிருக்குன்னு வாசி. அப்புறந்தேன் ரேகை."

அவள் வாசித்தாள். அரிசி, பருப்பு, முட்டை, அளவு, மேலே இருந்த தலைப்பு, பள்ளியின் பெயர், ஒன்றியத்தின் பெயர், 'பெறுநர் கையொப்பம்' உட்பட. எங்கேயும் நிற்கவில்லை. அப்பத்தா பையைத் தூக்கி எடை பார்த்துவிட்டுத் தலையாட்டி, அதற்குப் பிறகு ரேகை வைத்தார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது, நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். டிவி பார்க்கிறாயா என்றேன். ஓடாது என்றாள். போன்? "அப்பத்தா போன்தேன் சார். பட்டன் போனு." பிறகு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அப்பத்தாவைக் கேட்டால், அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கென்ன எழுத்தா தெரியும் என்றார். அப்புறம் போகிற போக்கில் சொன்னார்:

"விசேசம் ஒண்ணும் நடக்கல. இது முடிஞ்சதும் மொத்தமா வரும் பாருங்க. யாருக்கு எம்புட்டுச் செய்யணும்னு தெரிய வேணாமா? பழைய மொய் நோட்டு கெடக்கு, அத இவள வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். பொழுதும் போகணும்ல."

அடுத்த வாரம் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். இப்போது எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்து மொய் எழுதி ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். இது அதற்கு முந்தைய நோட்டு. நாலைந்து பேர் கையெழுத்து, ஒருவருக்குச் சுழி விழாது, இன்னொருவருக்குப் புள்ளியே வராது. வாலாந்தூர், கருமாத்தூர், எழுமலை, செக்கானூரணி, உத்தப்பநாயக்கனூர் என்று ஊர்கள். ஊருக்குக் கீழே பெயர், பெயருக்கு எதிரே தொகை. உத்தப்பநாயக்கனூரை ஒரு மூன்றாம் வகுப்புப் பாடநூலில் போட்டால் பாடநூல் குழுவில் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், சொல் நீளம் அதிகம் என்று. இவள் அதை ஒரே மூச்சில் சொன்னாள். அது அவள் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர்.

அங்கே உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. அவள் ஒரு வரியில் "வாலாந்தூர், வீரமாயி, இருநூறு" என்று வாசித்தாள். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வாலாந்தூர்ல நமக்கு வீரமாயின்னு ஆரும் இல்ல. திரும்பப் பாரு" என்றார். இவள் திரும்பப் பார்த்தாள். 'விருமாயி' என்று இருந்தது. "ம், அவதேன். எம் பெரியப்பா மக. இருநூறா செஞ்சா? ஐநூறுல்ல செஞ்சா. நல்லாப் பாரு." பார்த்தால் ஐநூறுதான், கையெழுத்து அப்படி.

இத்தனை வருடம் வகுப்பில் நான் கேட்கிற எந்தக் கேள்விக்கும் விடை எனக்கு முன்பே தெரியும். அது பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் வாசிப்பது எனக்குச் செய்தி சொல்ல அல்ல, தங்களுக்கு வாசிக்க வரும் என்று காட்ட. அப்பத்தாவுக்கு அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும், அவரால் அதை வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியாது. அதே சமயம் அவருக்கு அந்த மனிதர்களைத் தெரியும், ஆகவே பிள்ளை தப்பாக வாசித்தால் எழுத்து தெரியாமலேயே கண்டுபிடித்துவிடுகிறார். இப்படிப் பாதி தெரிந்த, மீதி தெரிந்தாக வேண்டிய ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறார். இதைவிட நல்ல வாசிப்பு வகுப்பை நான் நடத்தியதில்லை, வேறு யாரும் நடத்திப் பார்த்ததும் இல்லை.

படிக்காத பெற்றோரால் வீட்டில் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்று நாங்கள் எல்லோரும் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களும் அதையே நம்பினார்கள், "எங்களுக்கு எங்கிட்டு சார் தெரியும்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் எழுத்து தெரிய வேண்டும். கேட்பதற்கு வேண்டாம்.

ராசிபலனும் பட்டன் போனும்

அதற்குப் பிறகு நான் பயிற்சித்தாள் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்த முடியாது, அனுப்பியதற்குக் கணக்கு கேட்பார்கள். மொய் நோட்டு எல்லா வீட்டிலும் பிள்ளை கைக்குக் கிடைக்காது, ஆகவே வீட்டில் என்ன எழுத்து கிடக்கிறது என்று பார்த்தோம். நிறையவே கிடந்தது. உர மூட்டை, விதைப் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை (அதில் தாய்மாமன் பட்டியல் மட்டும் ஒரு பாடம் வரும்), மகளிர் குழு நோட்டு, கரண்ட் அட்டை. எல்லாவற்றுக்கும் மேலே சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர். அதன் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லாகப் பலன் போட்டிருப்பான் பாருங்கள், வரவு, செலவு, கவலை, பெருமை, சோதனை என்று. இரண்டாம் வகுப்புக்காரனுக்கு நாளைக்குப் பன்னிரண்டு சொல், தினமும் புதுசு, வீட்டில் எல்லோரும் காத்திருந்து கேட்கிற சொல். ஒரு பையன் தெருவுக்கே பலன் வாசித்து, சோதனை என்று வந்த ஒரு மாமா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டார் என்று கேள்வி. அறிவியல் இயக்கத்து நண்பர் ஒருவர், என்னய்யா பிள்ளைகளுக்கு ஜோசியம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பையனுக்கு 'கவலை'யில் இருக்கிற 'லை' அங்கேதான் பிடிபட்டது.

மாலையில் நான் போன் போடுவேன். வீடியோ எல்லாம் இல்லை, சாதாரண அழைப்பு, பட்டன் போனுக்கு. பிள்ளை இன்றைக்கு வாசித்ததை எனக்கு வாசிக்க வேண்டும், அது என்ன தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேள்வி கேட்பேன், எந்த ஊர்க் கம்பெனி, என்ன விலை, எப்போது காலாவதி. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். இடையில் அம்மா போனை வாங்கி ஆட்டுக்குச் சீக்கு, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போச்சு என்று தம் கதையைச் சொல்வார், அதற்கும் நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

பிற்பாடு ஒரு ஆய்வைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 2020 ஊரடங்கின்போதே ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில வீடுகளுக்கு வாராவாரம் சில கணக்குகளை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்கு எஸ்எம்எஸ்ஸோடு வாரத்துக்கு ஒரு அழைப்பு, பதினைந்து இருபது நிமிடம், ஒரு ஆசிரியர் பிள்ளையிடம் நேராகப் பேசுவார். பேசிய வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். செய்தி மட்டும் போன வீட்டில் அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு இந்தியா, நேபாளம், கென்யா உட்பட ஐந்து நாடுகளில் செய்து பார்த்தபோதும் அழைப்புதான் வேலை செய்தது. போட்ஸ்வானாவில் மொய் உண்டா என்று தெரியாது, போனில் ஒரு காது இருந்தால் பிள்ளை படிக்கும் என்பது மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருக்கிறது.

வீட்டில் கிடைக்காதது

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். அந்தப் பெண் மார்ச்சுக்கு முன்பே அரைகுறையாக வாசிக்கக் கற்றிருந்தாள். அப்பத்தா அதைக் காப்பாற்றினார், வளர்த்தார். அ, ஆ தெரியாத பிள்ளையிடம் மொய் நோட்டைக் கொடுத்தால் அது வெறும் நோட்டு. 2020 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோமே, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தரையில் முதன்முதலாக உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பில்தான், 2021 நவம்பரில். அவர்களுக்கு ராசிபலனும் உதவவில்லை, நானும் போனில் 'ஐ'க்கும் 'ஜ'வுக்கும் வித்தியாசம் சொல்ல முயன்று தொண்டை வறண்டதுதான் மிச்சம். கை பிடித்து மணலில் எழுத வைக்க வேண்டிய வயது அது. 2022இல், பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஏசர் கணக்கெடுப்பு வந்தபோது தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் என்றார்கள். 2018இல் அது 10.2 ஆக இருந்தது. 2022இன் மூன்றாம் வகுப்பு என்றால் யார்? அதே 2020 பிள்ளைகள்தான். டிவியில் எல்லோரும் அதிர்ந்தார்கள். எங்களுக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியும், ஆகவே அதிர்ச்சி இல்லை.

அடுத்தது கணக்கு. கார்த்திக் முரளிதரனும் வேறு இரு பொருளாதார அறிஞர்களும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தொற்றுக்கு முன் 2019இல் எடுத்த அளவை 2021 டிசம்பரில் எடுத்ததோடு ஒப்பிட்டார்கள். தமிழில் இழப்பு இருந்தது, ஆனால் கணக்கில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எனக்கு இது அந்தத் திண்ணையிலேயே தெரிந்த விஷயம். தமிழ் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது, பிள்ளை வாசிப்பது அவர்கள் காதுக்குப் பழகிய பேச்சு, தப்பு வந்தால் இடறும். கணக்கு அப்படி இல்லை. அப்பத்தா மூன்று பக்க மொய்யை மனசிலேயே கூட்டிவிடுவார், இவள் தாளில் கூட்டி முடிப்பதற்குள். எப்படிக் கூட்டினீர்கள் என்றால் சொல்லத் தெரியாது. பத்தைத் தள்ளி மேலே போடுகிற வித்தை, கடன் வாங்கிக் கழிக்கிற வித்தை, வகுத்தல், இவற்றுக்கெல்லாம் வீட்டில் ஆள் கிடையாது, கேட்டுத் திருத்தக்கூட ஆள் கிடையாது. வகுத்தல் எங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நொண்டுகிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால். 2021 அக்டோபர் கடைசியில் மரக்காணம் பக்கம் தொடங்கி எல்லா ஊருக்கும் வந்த திட்டம். எங்கள் ஊரில் மந்தையில் நாடக மேடைதான் வகுப்பு, சாயங்காலம் ஐந்து முதல் ஏழு. பிஎஸ்ஸி முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு மருமகள் தன்னார்வலராகச் சேர்ந்தார். இருபது பிள்ளை, மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகையைப் பற்றி நான் எதுவும் சொன்னால் துறைக்குள் வம்பு, களை எடுக்கப் போனால் ஒரு வாரத்தில் அதற்கு மேல் கிடைக்கும் என்பதோடு விடுகிறேன். அந்த அக்காவிடம் பெரிய உபகரணம் எதுவும் இல்லை. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். தவறினால் நிறுத்தினார். அவ்வளவையும் எங்கள் சதுரங்களும் கியூஆர் கோடுகளும் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு அப்பத்தா வாய்க்கவில்லை என்பதும் உண்மை. பல வீட்டில் பெரியவர்கள் நூறு நாள் வேலைக்கும் பூ எடுக்கவும் போய்விட்டார்கள், பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மொய் நோட்டு வாசித்த அதே பெண்தான் பாத்திரமும் துலக்கினாள், ஆடும் ஓட்டினாள். வீடே பள்ளிக்கூடம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம்.

விடுமுறை வீட்டுப்பாடம்

இப்போது மழை விடுமுறைக்கோ கோடை விடுமுறைக்கோ நான் வீடியோ அனுப்புவதில்லை. ஒரு கேள்வி மட்டும் சொல்லி அனுப்புவேன், விடை எனக்குத் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும், வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டாமல் பதில் கிடைக்கக் கூடாது. தலைமை ஆசிரியர் நல்லவர், ஆனால் "இதை எமிஸ்ல எந்த இடத்துல சார் ஏத்துறது?" என்று கேட்பார். எமிஸ் என்பது நாங்கள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டிய துறையின் இணையப் பதிவேடு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்குக்குக் கரண்ட் அட்டை வசதியாக அமைந்தது. இந்த முறை ரீடிங்கில் போன முறை ரீடிங்கைக் கழித்தால் யூனிட், அதில் முதல் நூறு இலவசம், மிச்சம் எவ்வளவு. கடன் வாங்கிக் கழிக்காமல் தப்பிக்கவே முடியாது, விடை தப்பாக வந்தால் அப்பாவே கத்துவார், அவ்வளவு யூனிட்டா ஓடியிருக்கு என்று. நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு அதோடு மொய் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன் போன கோடையில். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பையன் திண்ணையில் உட்கார்ந்து கணீரென்று வாசித்திருக்கிறான், பையனுக்குக் குரல் அப்படி, இலக்கிய மன்றத்தில் பேசுகிற ஆள். எழுமலை மாமா, நூற்று ஒன்று என்று வாசித்தபோது எழுமலை மாமா அதே திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் செய்தது ஆயிரத்து ஒன்று என்று அடுத்த பக்கத்தில் இருந்ததையும் பையன் விடவில்லை, வித்தியாசம் தொள்ளாயிரம் என்று கழித்தும் சொல்லியிருக்கிறான். கழித்தல் சரிதான்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் அவன் அம்மா வந்தார். "பாடம் சொல்லிக்குடுங்க சார், வேணாங்கல. சண்டைய மூட்டி விட்டுறாதீக." தலைமை ஆசிரியர் அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, இனிமேல் கரண்ட் அட்டை மட்டும் போதும் சார், அதில் வம்பு வராது என்றார். அவர் எங்கள் ஊருக்குப் புதிது. ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஓடுகிற வீடுகள் இங்கே எத்தனை என்று அவருக்கு இன்னும் தெரியாது, அந்தப் பில்லை இரண்டாக வகுக்கச் சொல்லித்தான் அடுத்த விடுமுறைக்குக் கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்.